வாசகர் கேள்வி – பதில்: கூலியா, கொடையா?

சென்ற இதழில், இரட்சிப்பு (பாவத்திலிருந்து கிடைக்கும் மீட்பு) நம் நற்செயலுக்குக் கூலியா, தேவனுடைய கொடையா என்பதைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்து சேர்ந்த கடிதங்களைப் பார்த்த பிறகு, மும்பைத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் இது சாப்பாட்டு நேரத்து விவாதமாகவே இருந்துவருகிறது என்று தெரிந்துகொண்டேன். முதற் கடிதத்துக்கே பக்கத்தில் பெரும்பகுதி செலவாகிவிட்டது. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஐயா, நான் தூத்துக்குடிக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். என் கணவர் நாசரேத் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை என்னும் சீர்திருத்தச் சபை) குடும்பத்தைச் சேர்ந்தவர். நான் மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன்; நோயாளிகளைப் பார்த்துவரப் போகிறேன். அவரோ, "கிரியையினால் (செயலினால்) பரலோகம் போக முடியாது" என்று வேதத்திலுள்ள எபேசியர் நிருபத்தை (கடிதத்தை) எடுத்துக் காட்டுகிறார். நான் யாக்கோபு நிருபத்தைக் காட்டுகிறேன். கல்லூரியில் படிக்கும் எங்கள் மகள், "உங்கள் வேதமே இரண்டு விதமாகப் பேசுகிறதே" என்று சிரிக்கிறாள். எது சரி? – ஒரு வாசகி, சயான் கோலிவாடா.

பதில்: அம்மா, உங்கள் கணவர் காட்டும் வசனம் எபேசியர் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்; இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு; ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல" என்பது எட்டாம், ஒன்பதாம் வசனங்கள். பெரும்பாலோர் அந்த இடத்திலேயே வேதத்தை மூடிவிடுகிறார்கள். ஆனால் அந்த நிருபத்தை எழுதிய பவுல் மூச்சு விடாமல் அடுத்த வரியில், "நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டு, தேவனுடைய செய்கையாயிருக்கிறோம்" என்கிறார். இரட்சிப்பு நற்கிரியையிலிருந்து பிறப்பதில்லை என்று சொன்ன அதே வாய், இரட்சிக்கப்பட்டவன் நற்கிரியைக்காகவே பிறந்தவன் என்றும் சொல்கிறது. ஆகவே நீங்கள் பாடம் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்து அந்த அதிகாரத்தை யாராவது தடைக்கல்லாக எடுத்துவைத்தால், அவர் பத்தாம் வசனத்தைப் படிக்கவில்லை என்று பொருள்.

இனி நீங்கள் காட்டும் வசனம். "மனுஷன் விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான்" என்பது யாக்கோபு 2:24. வேதம் முழுவதிலும் "விசுவாசம் மாத்திரம்" என்ற சேர்க்கை வருவது இந்த ஓரிடத்தில்தான். அதுவும் "அல்ல" என்ற மறுப்போடு வருகிறது. கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த சீர்திருத்த இயக்கத்தின் முன்னோடி மார்ட்டின் லூத்தர் 1522இல் ஜெர்மன் மொழியில் புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தபோது, ரோமர் 3:28இல் மூலத்தில் இல்லாத "மாத்திரம்" என்னும் சொல்லைச் சேர்த்தார். அதே பதிப்பின் முன்னுரையில் யாக்கோபு நிருபத்தை வைக்கோல் நிருபம் என்றும் எழுதினார். அந்த வாசகம் பிற்காலப் பதிப்புகளில் இடம்பெறவில்லை. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பைத் திறந்து பாருங்கள்: "விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான்" என்றிருக்கும். லூத்தர் ஒரு சொல்லைச் சேர்த்துச் செய்ததைத் தமிழ் ஓர் ஏகாரத்தால் சத்தமில்லாமல் செய்துவிட்டது. அந்த ஏகாரம் உறுதியை மட்டும் காட்டும் தேற்றமா, "மட்டும்" என்று பிரித்துக் காட்டும் பிரிநிலையா என்று இலக்கண ஆசிரியர்கள் வேண்டுமானால் வழக்காடட்டும்.

பவுலும் யாக்கோபும் முரண்படுகிறார்களா என்பதே உங்கள் மகளின் கேள்வி. சிரித்தாலும் அவள் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறாள். இருவரும் ஒரே ஆபிரகாமைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். ஆனால் அவனுடைய வாழ்வின் வெவ்வேறு நாள்களைக் காட்டுகிறார்கள். பவுல் காட்டுவது ஆதியாகமம் 15: பிள்ளையில்லாத முதியவன் நட்சத்திரங்களை அண்ணாந்து பார்த்து வாக்குத்தத்தத்தை நம்பிய இரவு. அப்போது அவன் விருத்தசேதனம் (நுனித்தோல் நீக்கும் யூதச் சடங்கு) பெற்றிருக்கவில்லை. காட்டுவதற்கு ஒரு சாதனையும் இல்லை. யாக்கோபு காட்டுவது ஆதியாகமம் 22: மகன் ஈசாக்கு பிறந்து வளர்ந்த பிறகு, தேவன் கேட்டபடி அவனைப் பலியிட மோரியா மலையேறிய நாள். தேவனுக்கு முன்பாக ஒருவன் எதைக் கையில் ஏந்தி வந்து நிற்க முடியும் என்று பவுல் கேட்கிறார். விசுவாசி என்று சொல்லிக்கொள்பவனுடைய விசுவாசம் உயிரோடிருக்கிறதா என்று யாக்கோபு கேட்கிறார். யாக்கோபின் எதிரில் நிற்பவன், துணியும் சோறும் இல்லாதவனிடம் "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் வாழ்த்தி அனுப்பிவிடுகிறவன். ஜூன் மாத மழையில் ஒழுகும் வீட்டுக்காரரிடம் தார்ப்பாய் ஒன்று வாங்கித் தராமல் "உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நடப்பவர்களை நாமும் அறிவோம். அப்படிப்பட்ட நம்பிக்கை பிசாசுகளுக்கும் உண்டு, அவையும் நடுங்குகின்றன என்று யாக்கோபு எழுதியிருப்பதில் கொஞ்சம் குத்தலும் இருக்கிறது.

நம் சொற்களும் இந்தச் சிக்கலை வளர்த்திருக்கின்றன என்பது என் நீண்ட நாள் எண்ணம். தேவாலயத்துக்கு வெளியே, அன்றாடத் தமிழில் "விசுவாசம்" என்றால் என்ன பொருள்? "நன்றி விசுவாசம் இல்லாதவன்" என்கிறோம். "நாய் விசுவாசமுள்ள பிராணி" என்கிறோம். அங்கே அந்தச் சொல் ஒரு கருத்தை ஒப்புக்கொள்வதைக் குறிக்கவில்லை. கைவிடாமல் கூடவே நிற்பதைக் குறிக்கிறது. பவுல் எழுதிய "பிஸ்திஸ்" என்னும் கிரேக்கச் சொல்லுக்கும் நம்புதல், நம்பிக்கைக்கு உரியவராக நிற்றல் என்ற இரண்டு பொருளும் உண்டு. ரோமர் 3:3இல் அதே சொல் தேவனைக் குறித்து வரும்போது நம் மொழிபெயர்ப்பாளர்கள் "தேவனுடைய உண்மை" என்று எழுத வேண்டியதாயிற்று. "கிரியை" என்ற சொல்லுக்கும் தனிக் கதை இருக்கிறது. சைவத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று வரிசைப்படுத்தும்போது அது வழிபாட்டுச் செயல். வீட்டில் அது இறந்தவருக்குச் செய்யும் சடங்கு. பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 1995இல் வந்தபோது விசுவாசம் "நம்பிக்கை" ஆனது, கிரியை "செயல்" ஆனது, இரட்சிப்பு "மீட்பு" ஆனது. உங்கள் வீட்டில் நீங்கள் "மீட்பு" என்றும் அவர் "இரட்சிப்பு" என்றும் சொல்லிக்கொண்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். சண்டையில் ஒரு பங்கு இந்த அகராதியினுடையது.

பவுல் மறுக்கும் "நியாயப்பிரமாணத்தின் (மோசேயின் சட்டத்தின்) கிரியைகள்" எவை என்பதிலும் அறிஞர்களிடையே பெரிய வழக்கு உண்டு. 1977இல் புதிய ஏற்பாட்டு அறிஞர் ஈ. பி. சாண்டர்ஸின் ஆய்வு வெளிவந்த பிறகு, அக்கால யூத சமயத்தை வெறும் புண்ணியக் கணக்குப் புத்தகமாகச் சித்திரிப்பது தவறு என்ற கருத்து வலுப்பட்டது. விருத்தசேதனம், உணவு விதி, ஓய்வுநாள் ஆகிய இன அடையாளங்களை யூதரல்லாதவர்கள்மேல் சுமத்துவதையே பவுல் முதன்மையாக எதிர்த்தார் என்று சிலர் வாதிட்டனர். அதில் உண்மை உண்டு. ஆனால் அத்தோடு முடிந்துவிட்டது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஏனென்றால் ரோமர் 4:4இல் பவுல், "கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்" என்று எழுதும்போது, தேவனைக் கடனாளியாக்கும் எந்த முயற்சியையும் சேர்த்தே மறுக்கிறார்.

கத்தோலிக்கத் திருச்சபை "நற்செயலால் மோட்சத்தை வாங்கலாம்" என்று போதிப்பதாக உங்கள் கணவர் நினைத்தால், அதுவும் தவறு. லூத்தருக்கு மறுமொழியாகக் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1547 ஜனவரியில் வெளியிட்ட ஆணையின் முதல் விதியே, கிறிஸ்துவின் வழியாக வரும் அருளின்றி மனிதன் தன் செயல்களால் கடவுள்முன் நீதிமானாக முடியும் என்போரைக் கண்டிக்கிறது. அதே ஆணையின் ஒன்பதாம் விதி, விசுவாசம் மட்டுமே போதும், மனிதனுடைய இசைவு எதுவும் வேண்டாம் என்போரையும் கண்டிக்கிறது. அருளால் தொடங்கியவன் அந்த அருளோடு ஒத்துழைத்து நீதியில் வளர்கிறான் என்பது கத்தோலிக்கப் பார்வை. நீதிமானாக அறிவிக்கப்படுவது ஒன்று, பரிசுத்தத்தில் வளர்வது அதைத் தொடரும் மற்றொன்று என்று பிரித்துப் பேசுவது சீர்திருத்தத் திருச்சபைகளின் பார்வை. நம்முடைய புண்ணியங்களுக்குக் கடவுள் முடிசூட்டும்போது தம்முடைய கொடைகளுக்கே முடிசூட்டுகிறார் என்று பழங்காலத் திருச்சபை அறிஞர் அகுஸ்தீனார் சொன்னதை இரு தரப்பும் மேற்கோள் காட்டுவது உண்டு. லூத்தரும், நெருப்பிலிருந்து வெப்பத்தையும் ஒளியையும் பிரிக்க முடியாததைப் போல விசுவாசத்திலிருந்து செயலைப் பிரிக்க முடியாது என்றுதான் எழுதினார்.

1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் இதுபற்றி ஒரு கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. நம்மிடம் உள்ள தகுதி எதனாலும் அல்ல, கிருபையினால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புப் பணியில் வைக்கும் விசுவாசத்தில் நாம் தேவனால் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்றும், நம்மைப் புதுப்பிக்கும் தூய ஆவியானவர் நற்செயல்களுக்கு நம்மை அழைக்கிறார் என்றும் இரு தரப்பும் சேர்ந்து அறிக்கையிட்டன. 2006இல் மெதடிஸ்டுகளும் 2017இல் சீர்திருத்தத் திருச்சபைகளின் உலக ஐக்கியமும் அதில் இணைந்தன. எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் ஒருவரையொருவர் சபித்துக்கொண்ட பழைய கண்டனங்கள் இன்றைய போதனைக்குப் பொருந்தா என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். உங்கள் வீட்டுச் சமையலறைக்கு இந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை போலும்.

இந்த வழக்கு தமிழுக்குப் புதியதும் அல்ல. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு லூத்தரன்; 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டவர். அவருடைய சபையாருக்கு மறுப்பாகக் கத்தோலிக்கத் துறவியான வீரமாமுனிவர் "வேத விளக்கம்" எழுதினார். போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு முதல் ரயில் ஓடுவதற்கு நூறாண்டுக்கு முன்பே தமிழர்கள் இதைப் பற்றித் தமிழில் வாதாடியிருக்கிறார்கள். நீங்கள் இருவரும் அந்த மரபைக் காப்பாற்றிவருகிறீர்கள்.

இனி என் சொந்தக் கருத்து. செயலைக் கொண்டு இரட்சிப்பை விலைக்கு வாங்க முடியாது என்பதில் உங்கள் கணவர் சொல்வது சரி. ஆனால் "நான் விசுவாசித்தேன், ஆகவே எனக்குக் கிடைத்தது" என்று ஒருவர் தம் விசுவாசத்தையே நாணயமாக்கி நீட்டினால், அதுவும் ஒரு கிரியைதான். விலை மாறியிருக்கிறதே தவிர வியாபாரம் மாறவில்லை. லூக்கா 18இல் வரும், தன்னை நீதிமான் என்று நம்பிப் பெருமைபேசிய பரிசேயனும் தன் ஜெபத்தைத் தேவனுக்கு நன்றி சொல்லித்தான் தொடங்குகிறான் என்பதை அவர் கவனிக்கட்டும். நீங்கள் உங்கள் பக்கம் ஒன்றைக் கவனியுங்கள்: பாடம் சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் அந்தப் பிள்ளைகளின் கணக்கு உங்கள் மனத்தில் இருக்கிறதா, உங்கள் கணக்கு இருக்கிறதா என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். கலாத்தியர் 5:6ஐ மகளிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்: "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே உதவும்." மூன்று சொற்களும் ஒரே வரியில் இருக்கின்றன.

கேள்வி: வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்காதவர்கள் பரலோகம் சேரமாட்டார்கள் என்று ஒரு பிரசங்கியார் சொன்னார். உண்மையா? – செம்பூர் வாசகர்.

பதில்: இல்லை. பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டுகளைப் பணத்துக்குக் கொடுத்ததை எதிர்த்துத்தான் 1517இல் லூத்தர் 95 கருத்துரைகளை எழுதினார். கொடுப்பது நல்லது, கொடுங்கள். பயமுறுத்துகிறவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மாகிம் புனித மிக்கேல் ஆலயத்தில் ஒன்பது புதன்கிழமை நவநாளுக்குப் போய்வருகிறேன். ஏழாவது வாரம் ரயில் நின்றுபோனதால் போக முடியவில்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? இது "கிரியை" ஆகுமா? – முலுண்ட் வாசகி.

பதில்: நான் அந்தத் திருச்சபையைச் சேர்ந்தவன் அல்லன்; ஆனாலும் அங்கே புதன்கிழமைகளில் எல்லா மதத்தாரும் வரிசையில் நிற்பதை மரியாதையோடு பார்த்திருக்கிறேன். உங்கள் திருச்சபையின் மறைக்கல்வி நூலே, உள்ளத்தின் நிலையை விட்டுவிட்டுச் செபத்தின் வெளிச்செயலுக்கு மட்டும் ஆற்றல் இருப்பதாக எண்ணுவது மூடநம்பிக்கை என்று கூறுகிறது. ஒன்பது என்ற எண், மனம் சிதறாமல் இருக்க ஓர் ஒழுங்கு. தேவனைப் பிடித்துவைக்கும் ஒப்பந்தம் அல்ல. மத்திய ரயில்வேயின் தாமதத்தை அவர் உங்கள் கணக்கில் எழுதமாட்டார். மனம் கேட்கவில்லையென்றால் உங்கள் பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒருவர் பலருடைய சீட்டுப் பணத்தை ஏமாற்றியவர், குடித்துவிட்டு மனைவியை அடித்தவர். இறப்பதற்கு இரண்டு வாரத்துக்கு முன் மருத்துவமனையில் மனந்திரும்பினாராம். அடக்க ஆராதனையில் "இவர் பரதீசில் இருக்கிறார்" என்று பிரசங்கித்தார்கள். என் அப்பா நாற்பது வருடம் தோல் பட்டறையில் உழைத்து, யாருக்கும் ஒரு ரூபாய் பாக்கி வைக்காமல் போனவர். ஆலயத்துக்கு அதிகம் போனதில்லை. அவருடைய அடக்கத்தில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. இது நியாயமா? – தாராவி வாசகர்.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கடைசி நேரத்தில் மனந்திரும்பியவர்களுக்கு எல்லோரும் காட்டும் சான்று, சிலுவையில் தொங்கிய கள்ளன். "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வாக்கு அவனுக்குக் கிடைத்தது உண்மை. ஆணியடிக்கப்பட்ட கைகளால் அவன் ஒரு நற்செயலும் செய்திருக்க முடியாது. ஆயினும் அவனுக்கு எஞ்சியிருந்த ஒரே உறுப்பான நாவினால், தனக்குக் கிடைத்தது தகுந்த தண்டனைதான் என்று ஒப்புக்கொண்டான், பழித்தவனைக் கடிந்துகொண்டான், குற்றமற்றவருக்காகச் சாட்சி சொன்னான். அவனால் முடிந்த கிரியை அவ்வளவுதான். அதை அவன் செய்தான். கைகள் கட்டப்படாத சகேயு என்னும் வரி வசூலிப்பவனோ, தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்புவதாகவும் சொன்னான். அதற்குப் பிறகுதான், "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்ற வார்த்தை வருகிறது.

ஆகவே அந்த மனிதரைத் தேவன் மன்னித்திருக்க மாட்டார் என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை. ஆனால் அந்தப் பிரசங்கத்தில் சீட்டுக் கட்டி இழந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமற்போயிருந்தால், அடி வாங்கிய மனைவி முதல் வரிசையில் உட்கார்ந்திருக்க அவளுடைய காயத்தைப் பற்றி ஒரு பெருமூச்சும் எழாமற்போயிருந்தால், அது கிருபையைப் பற்றிய பிரசங்கம் அல்ல. கிருபையை மலிவாக்கிய பிரசங்கம். தேவன் மன்னித்ததனால் அயலானுடைய பணம் திரும்பி வந்துவிடுவதில்லை.

உங்கள் கோபத்துக்கு மத்தேயு 20இல் ஓர் உவமை இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள நீங்கள் இருக்கும் ஊரே போதும். காலையில் நாக்காவில் (கூலிவேலைக்கு ஆள் அமர்த்தும் தெருச்சந்தியில்) கரணையோடு நிற்கும் கொத்தனார்களையும், பிரஷோடு நிற்கும் பெயின்டர்களையும், வெறுங்கையோடு நிற்கும் கூலியாட்களையும் பார்த்திருப்பீர்கள். ஒன்பது மணிக்குள் வலுவுள்ளவர்கள் அமர்த்தப்பட்டுவிடுவார்கள். பதினொரு மணிக்கு மேலும் நிற்பவர்கள் சோம்பேறிகள் அல்லர். வயதானவர்கள், மெலிந்தவர்கள், யாராலும் விரும்பப்படாதவர்கள். வீட்டுக்கு வெறுங்கையோடு போகத் துணியாமல் அப்படியே நிற்கிறார்கள். அந்த உவமையில் மாலை ஐந்து மணிக்கு நின்றவர்களிடம் "ஏன் சும்மா நிற்கிறீர்கள்" என்று எஜமான் கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதிலும் அதுவே: "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை." அவர் கொடுத்த ஒரு பணம் என்பது அன்றைய ஒரு நாள் கூலி, அதாவது ஒரு குடும்பம் அன்றிரவு சாப்பிடுவதற்கானது. கடைசியில் வந்து ஒரு மணி நேரம் உழைத்தவர்களுக்கு அதில் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கொடுத்திருந்தால் கணக்கு சரியாக இருந்திருக்கும். பிள்ளைகள் பசியோடு படுத்திருக்கும். காலையிலிருந்து உழைத்தவர்களுக்குப் பேசிய கூலியில் ஒரு காசும் குறையவில்லை. ஆனாலும் அவர்களுக்கு வலித்தது. அந்த வலியை இயேசு கதையிலிருந்து நீக்கிவிடவில்லை.

உங்கள் அப்பாவைப் பற்றி: அடக்கத்தில் பேசப்படாத ஒன்று தீர்ப்பு ஆகிவிடாது. யார் எங்கே இருக்கிறார் என்று அறிவிக்கும் அதிகாரம் போதகர்களுக்கு, நான் உட்பட, கொடுக்கப்படவில்லை. ஒருவருக்கும் பாக்கி வைக்காத கைகள் எங்கிருந்து அந்த உறுதியைப் பெற்றன என்பது அவருக்கும் அவரை உண்டாக்கினவருக்கும் தெரியும்.

கேள்வி: நான் வைணவக் குடும்பத்தைச் சேர்ந்தவள். உங்கள் கடந்த இதழ் வரியைப் படித்தபோது குரங்குக்குட்டி, பூனைக்குட்டி வழக்கு நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒன்றா? மேலும், கிறிஸ்தவரல்லாத ஒருவர் செய்யும் நன்மை உங்கள் கடவுளிடம் செல்லுபடியாகுமா? எங்கள் பகுதிச் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை ஏழைகளுக்கு உணவு வழங்குகிறார்கள். நானும் சேர்ந்து பரிமாறலாமா? – மாட்டுங்கா வாசகி.

பதில்: அருமையான ஒப்பீடு. தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியைப் போல ஜீவனுக்கும் ஒரு முயற்சி உண்டு என்று வடகலையாரும், தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியைப் போல எல்லாம் அவன் அருளே என்று தென்கலையாரும் சொல்வார்கள். லூத்தரைப் பூனைக்குட்டிப் பக்கமும், திரெந்து சங்கத்தைக் குரங்குக்குட்டிப் பக்கமும் வைக்கலாம். ஆனால் இரண்டு குட்டிகளையும் சுமப்பது தாய்தான் என்பதில் இரு கலையாருக்குள்ளும் பிணக்கில்லை, சபைகளுக்குள்ளும் இல்லை. வேறுபாடு எதிலிருந்து விடுதலை என்பதில் இருக்கிறது. நீங்கள் பிறவிச் சுழற்சியிலிருந்து விடுபடுவதைப் பேசுகிறீர்கள்; நாங்கள் பாவத்திலிருந்தும் மரணத்திலிருந்தும் மீண்டு உடலோடு உயிர்த்தெழுவதைப் பேசுகிறோம். அதை ஒன்றென்று சொல்லிவிடுவது இரு பக்கத்துக்கும் மரியாதையாகாது.

இரண்டாவது கேள்விக்கு எங்களுக்குள்ளேயே ஒரே பதில் இல்லை. இயேசுவின் நாமமேயன்றி வேறு நாமம் இல்லை என்ற அப்போஸ்தலர் 4:12ஐ வைத்து, விசுவாச அறிக்கை இல்லாமல் இரட்சிப்பு இல்லை என்று போதிக்கும் சபைகள் பல. கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட ஏட்டில், தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதிருந்தும் நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, அருளின் தூண்டுதலால் மனச்சான்றின்படி நடப்பவர்கள் மீட்படையக் கூடும் என்று சொன்னது. அங்கேயும் மீட்பு அருளினால்தான், செயலின் விலையாக அல்ல. நான் இந்த இரண்டாவது பக்கம் சாய்கிறவன். மத்தேயு 25இல் நியாயத்தீர்ப்புக் காட்சியில், பசித்தவருக்குச் சோறு கொடுத்தவர்கள் "ஆண்டவரே, எப்பொழுது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம்?" என்று வியப்போடு கேட்கிறார்கள். அவர்கள் கணக்கு எழுதி வைத்திருக்கவில்லை.

பரிமாறுவதற்குத் தாராளமாகப் போகலாம். முந்தின நாளே பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் காய் நறுக்கத்தான் ஆள் குறைவாக இருக்கும்.